திருவையாற்றில் பெண்கள் பாட வழி திறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள்

பீடோர் – தை பிறந்தால் நம் பக்கத்தில் எல்லாருக்கும் தைப்பூச நினைவுதான். விரதம், பால்குடம், காவடி, ஈப்போ கல்லுமலைக்குப் போவதா பினாங்குக்குப் போவதா என்ற பேச்சு. அதே நாட்களில், அதிகம் பேர் கவனிக்காமல், இன்னொரு விழாவும் நம் நாட்டில் அங்கங்கே நடக்கிறது. ஒரு மண்டபத்தில் தியாகராசர் படத்துக்கு மாலை போட்டு, பாட்டு வகுப்புப் பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் சேர்ந்து பாடுவார்கள்.

பீடோரிலிருந்து ஈப்போவுக்கு ஒரு மணி நேரம் காரில் போய்ப் பாட்டுக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். எல்லாரும் பெண் பிள்ளைகள். சென்ற முறை அப்படி ஒரு விழாவுக்கு நானும் போயிருந்தேன். பாடியவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பெண்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாயிடம், ஒரு காலத்தில் தியாகராசர் சமாதியில் பெண்கள் பாடக்கூடாது என்று தடுத்து வைத்திருந்தார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. யார் அதை மாற்றியது என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நஞ்சன்கூட்டில் பிறந்த பெண்

மைசூருக்குப் பக்கத்தில், கபிலை ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் நஞ்சன்கூடு. பெரிய சிவன் கோயில் உள்ள ஊர். அங்கே 1878 நவம்பர் 3ஆம் தேதி நாகரத்தினம்மாள் பிறந்தார். தாயார் புட்டலட்சுமி, ஆடலும் பாடலும் குலத்தொழிலாகக் கொண்ட தேவதாசிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தகப்பனார் சுப்பாராவ் என்ற வக்கீல். அவர் வெகு சீக்கிரத்தில் தாயையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

தேவதாசி என்றால் இன்றைய இளம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண். சாமிக்கே மனைவி என்று கணக்கு. மனிதனைக் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. கோயில் பூசையிலும் ஊர்வலத்திலும் ஆடுவதும் பாடுவதும் அவள் வேலை. நடைமுறையில் பணக்காரர்களும் அதிகாரிகளும் அவளை வைத்துக்கொள்வார்கள். பிறக்கும் பிள்ளை தாயின் வீட்டுப் பிள்ளை. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் காலத்தில் குடும்பப் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தரமாட்டார்கள். தேவதாசிக்குச் சொல்லித் தருவார்கள். குடும்பப் பெண் பெயரில் சொத்து இருப்பது அரிது. தேவதாசி சொத்து வைத்துக்கொள்ளலாம், மகளுக்கு எழுதி வைக்கலாம். ஒரே வழக்கம் ஒரு கையால் அவமானத்தையும் மறு கையால் படிப்பையும் கொடுத்தது. நாகரத்தினம்மாளின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தாயும் பிள்ளையும் மைசூர் அரண்மனையோடு தொடர்புள்ள ஒரு சமஸ்கிருத சாஸ்திரியின் ஆதரவில் இருந்தார்கள். சாஸ்திரி பிள்ளைக்குச் சமஸ்கிருதமும் சங்கீதமும் சொல்லிக் கொடுத்தார். ஐந்து வயதில் பொட்டுக்கட்டும் சடங்கு நடந்தது. பிறகு சாஸ்திரியும் கைவிட்டார். தாயார் பிள்ளையை அழைத்துக்கொண்டு மைசூரை விட்டு வெளியேறினார். வயலின் வாசிக்கும் மாமா ஒருவர் அவர்களுக்குப் புகலிடம் கொடுத்தார். கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் என்று மொழிகள் சேர்ந்தன. தியாகராசரின் சீடர் வழியில் வந்த முனுசாமப்பா என்பவரிடம் சங்கீதப் பயிற்சி. பதினைந்து வயதில் வித்துவான்கள் நிறைந்த சபையில் அரங்கேற்றம்.

பிறகு மைசூரிலும் பெங்களூரிலும் பெயர் பெற்று, நீதிபதி நரஹரி ராவ் போன்றவர்களின் ஆதரவைப் பெற்று, இறுதியில் சென்னைக்கு வந்தார். சங்கீதக்காரர்கள் நிறைந்திருந்த ஜார்ஜ் டவுனில் வீடு. ஊர் ஊராகக் கச்சேரி. எங்கே என்று எவ்வளவு பணம் வாங்கினார் என்று கணக்கு எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. சென்னையில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் என்று அவரைச் சொல்வார்கள். தானே சம்பாதித்து, தானே கணக்குப் பார்த்து, தன் வீட்டில் தானே தலைவியாக இருந்த பெண். 1900களில் அப்படி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஒரு புத்தகமும் ஒரு தடையும்

நாகரத்தினம்மாளுக்குப் படிக்கும் ஆசை அதிகம். பழைய தெலுங்கு நூல் ஒன்றின் உரையைப் படித்தபோது, ராதிகா சாந்துவனம் என்ற காவியத்தைப் பற்றிய குறிப்பைப் பார்த்தார். எழுதியவர் முத்துப்பழனி. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங்கின் அரசவையில் இருந்த தேவதாசி. கண்ணன் இளா என்ற பெண்ணை மணந்த பிறகு ராதை படும் மனவேதனையும், கோபமும், கண்ணன் அவளைச் சமாதானம் செய்வதும்தான் கதை.

தேடிப் பிடித்து வாங்கிய அச்சுப் பிரதி 1887இல் வந்தது. பின்னால் ஓர் ஏட்டுப் பிரதியும் கைக்குக் கிடைத்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தவர் திடுக்கிட்டார். அச்சில் பல பாடல்கள் இல்லை. நூலின் முன்னுரைப் பகுதியே இல்லை. அந்தப் பகுதியில்தான் முத்துப்பழனி தன்னைப் பற்றிச் சொல்லுகிறார். தன் குடும்பத்துப் பெண்களின் வழியாகத் தன் பரம்பரையைச் சொல்லுகிறார். பாட்டை ஓரளவு விட்டு வைத்து, பாடியவள் யார் என்பதை அச்சுப் போட்டவர்கள் வெட்டிவிட்டார்கள்.

தெலுங்கு நாட்டில் அப்போது பெரிய சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம். விதவைகளுக்கு மறுமணம் செய்து வைத்தவர்; 1881இலேயே இராஜமுந்திரியில் அதைத் தொடங்கியவர். பெண்கள் படிக்க வேண்டும் என்று பாடுபட்டவர். அவர்தான் முத்துப்பழனியின் நூலைக் கண்டபடி கண்டித்து எழுதியவரும். ஒரு பெண் எழுதக்கூடாததை, கேட்கவும் கூடாததை எழுதிவிட்டாள் என்பது அவர் கட்சி.

நாகரத்தினம்மாள் 1910இல் சென்னை வாவிள்ள இராமசாமி சாஸ்திருலு பதிப்பகத்தின் மூலம் முழு நூலையும் வெளியிட்டார். விட்டுப்போன பாடல்களைச் சேர்த்தார். முத்துப்பழனியின் முன்னுரையைத் திரும்ப வைத்தார். தன் பெயரில் ஒரு முன்னுரையும் எழுதினார். அதில் அவர் வைத்த வாதம் எளிமையானது. வெட்கம் என்பது பெண்ணுக்கு மட்டும் உரியதா? ஆண் புலவர்கள் இதே விஷயத்தை இதைவிட விரிவாக எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றை வீரேசலிங்கமே பார்வையிட்டு அச்சேற்றவும் ஒப்புதல் தந்திருக்கிறார். அப்படியானால் அவருடைய கோபம் நூலின் மேல் அல்ல, எழுதியவள் மேல்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். ஜெயதேவரின் கீதகோவிந்தமும் ராதை கண்ணன் கதைதான். அதிலும் சிருங்காரம் நிறைய உண்டு. அதை நம் பஜனை மண்டபங்களில் அஷ்டபதி என்று பக்தியோடு பாடுகிறோம். யாரும் எழுந்து போவதில்லை. அதே சாமி, அதே காதல், அதே ஊடல். முத்துப்பழனி பாடினால் மட்டும் ஆபாசம். ஏனென்றால் ராதையின் மனசை ராதையைப் போன்ற ஒருத்தியே சொல்லிவிட்டாள். இது என் கருத்து; வேறு விதமாக நினைப்பவர்களும் இருக்கலாம்.

புத்தகத்துக்கு எதிராக அரசாங்கத்துக்குப் புகார்கள் போயின. வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரிகள் பிரதிகளைப் பறிமுதல் செய்தார்கள். ஆபாச நூல் என்று தடை விதிக்கப்பட்டது. தெலுங்குப் பண்டிதர்கள் பலர் தடை கூடாது என்று மனுக் கொடுத்தும் பயனில்லை. கோயில் வழக்கத்தைக் காப்பவரும், சமூகத்தைத் திருத்த வந்தவரும், வெள்ளைக்கார அரசாங்கமும் ஒரு பெண்ணின் நூலை அடக்கும் காரியத்தில் ஒரே பக்கத்தில் நின்றார்கள். சமயம் மட்டுமே பெண்ணை அடக்குகிறது என்று சொல்பவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படிக்க வேண்டும். தடை 1947இல், சென்னை மாகாண முதல்வராக டி. பிரகாசம் இருந்தபோதுதான் விலகியது. புதிய பதிப்பு 1952இல் வந்தது. அந்த ஆண்டில்தான் நாகரத்தினம்மாளும் கண் மூடினார்.

காவிரிக்கரையில் முள்ளும் புதரும்

1921இல் அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா ஒரு கடிதம் எழுதினார். திருவையாற்றில் தியாகராசர் சமாதி கவனிப்பாரில்லாமல் கிடக்கிறது என்று வருத்தப்பட்டு எழுதிய கடிதம். தியாகராசர் திருவாரூரில் பிறந்து, திருவையாற்றில் வாழ்ந்து, 1847 ஜனவரி 6ஆம் தேதி அங்கேயே சமாதியானவர். அரசவைக்குப் போகாமல், ராமனைப் பாடியே காலம் கழித்தவர். அவர் பாடல்களைப் பாடித்தான் நாகரத்தினம்மாளுக்கு வீடும் நகையும் பெயரும் வந்தன. கடிதம் வந்த பிறகு தியாகராசர் கனவில் வந்தார் என்றும் சொல்வார்கள். கனவு வந்ததோ இல்லையோ, அவர் புறப்பட்டுப் போனார்.

சமாதியைச் சுற்றி முள்ளும் புதருமாக இருந்தது. சுற்றியிருந்த நிலத்தை விலைக்கு வாங்கினார். சேர்த்து வைத்திருந்த பணத்தைப் போட்டார், நகைகளை விற்றார். சமாதிக்குச் சிறு கோயில் எழுப்பி, தியாகராசர் சிலை வைத்து, தினசரி பூசைக்கும் ஏற்பாடு செய்தார். 1921 அக்டோபரில் அடிக்கல் நாட்டிய வேலை 1920களின் நடுவில் குடமுழுக்கோடு முடிந்தது. தியாகராசர் மேல் நூற்றெட்டு நாமங்கள் கொண்ட அர்ச்சனையையும் சமஸ்கிருதத்தில் அவரே இயற்றினார்.

நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி. அதே ஆண்டுகளில்தான் தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்திலிருந்து நம் பாட்டன் பாட்டிகள் கங்காணி கூட்டிவர, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, பேரா தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். திருவையாற்றுக் காவிரியில் குளித்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். நாகரத்தினம்மாள் சமாதியில் கல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், நம் ஆட்கள் இங்கே லயத்து முனையில் தகரம் போட்டு மாரியம்மனுக்குக் கோயில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கோயிலைக் கட்டியாகிவிட்டது. இனிமேல்தான் சண்டை.

திருவையாற்றில் ஆண்டுதோறும் ஆராதனையை நடத்தி வந்தவர்கள் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். எதெதற்கோ சண்டை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பெண்கள் அங்கே பாடக்கூடாது. அக்காலத்தில் மேடையில் பாடிய பெண்கள் பெரும்பாலும் தேவதாசி வீடுகளிலிருந்து வந்தவர்கள். சாமியார் சமாதி, புனிதமான இடம், இவர்கள் வந்து பாடினால் தீட்டு என்ற எண்ணம். நிலம் வாங்கியது ஒரு தேவதாசி, கோயில் கட்டியது ஒரு தேவதாசி, விளக்குக்கு எண்ணெய் போடுவதும் அவள் பணம். அந்தப் பணத்துக்குத் தீட்டு இல்லை. அவள் தொண்டைக்குத்தான் தீட்டு.

நம் ஊர்க் கோயில்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பேராவில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கோயிலில், திருவிழா என்றால் விடிய விடியப் பூக்கட்டுவது பெண்கள், அன்னதானத்துக்கு வெங்காயம் உரிப்பது பெண்கள், வீடு வீடாக நன்கொடை வசூலிப்பதும் பெண்கள். ஆண்டுக் கூட்டத்தில் ஒரு அக்காள், நிர்வாகத்தில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று எழுந்து கேட்டபோது, மகளிர் பிரிவு இருக்கிறதே என்று பதில் வந்தது. அதோடு பேச்சு முடிந்தது. இன்று பல கோயில்களில் பெண்கள் நிர்வாகத்தில் இருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் அல்ல.

சமாதிக்குப் பின்னால் ஒரு கச்சேரி

நாகரத்தினம்மாள் கோபித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பவில்லை. இனி தியாகராசரைப் பாடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சமாதிக்கு முன்னால் ஆண்கள் கட்சி பாடட்டும் என்று விட்டுவிட்டு, தன் போன்ற பெண் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பின்பக்கத்தில் தனியாக ஆராதனை நடத்தினார். 1927 வாக்கில் தொடங்கிய இந்த மூன்றாவது அணிக்குப் பெண்கள் கட்சி என்றே பெயர் விழுந்துவிட்டது. முன்னால் பாட்டு, பின்னாலும் பாட்டு. பதினைந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் இப்படியே நடந்தது.

அவர் சாமியை விட்டுப் போயிருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். எதிர்த்தவர்களுக்கும் அது நிம்மதி. ஆனால் அவர் உள்ளேயே இருந்தார். தியாகராசருக்கு நீங்கள் எவ்வளவு உரிமைக்காரர்களோ நானும் அவ்வளவு உரிமைக்காரி என்று செய்கையால் காட்டிக்கொண்டே இருந்தார். பக்தி இல்லாதவள் என்று அவரைச் சொல்ல யாராலும் முடியவில்லை. அதுதான் அவருடைய பலம்.

இது நம் சமயத்தின் கதை மட்டும் அல்ல. வெள்ளைச் சட்டையும் பெயர் அட்டையுமாக இரண்டிரண்டு பேராக வந்து கதவு தட்டும் மார்மன் சபை இளைஞர்களை வாசகர்களில் சிலர் பார்த்திருக்கலாம். அமெரிக்காவில் தோன்றிய சபை அது. அந்தச் சபைப் பெண்கள் 1842இலேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். 1872 முதல் 1914 வரை பெண்களே நடத்திய பத்திரிகையும் வைத்திருந்தார்கள். அவர்கள் வாழ்ந்த யூட்டாவில் பெண்களுக்கு 1870இலேயே ஓட்டுரிமை வந்தது. அதே சபைதான் 1979இல், பெண்களுக்குச் சம உரிமை தரும் சட்டத்திருத்தத்துக்காக வாதாடிய சோனியா ஜான்சன் என்ற பெண்ணை வெளியே தள்ளியது. பாடு, சமை, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்று கொடுக்கிற கை, யோசித்துக் கேள்வி கேட்டால் வாசலைக் காட்டுகிறது. சோனியா வெளியே போனார். நாகரத்தினம்மாளை வெளியே தள்ள முடியாது. நிலப்பத்திரம் அவர் கையில் இருந்தது.

1940ஐ ஒட்டிச் சமரசப் பேச்சு நடந்தது. கட்சிகள் ஒன்றாயின. பெண்களும் மற்றவர்களைப் போலவே சமாதியில் பாடலாம் என்று ஆனது. எல்லாரும் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடும் வழக்கமும் அந்தக் காலத்தில்தான் நிலைபெற்றது. இன்று தொலைக்காட்சியில் நாம் பார்க்கிற காட்சி, ஒரு பக்கம் ஆண்கள் மறு பக்கம் பெண்கள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடிக்கும் அந்தக் காட்சி, அப்படி வந்தது.

அவர் தவறிய இடம்?

நாகரத்தினம்மாளைப் பற்றி எழுதும் பலர் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். முத்துலட்சுமியின் தாயாரும் அதே குலத்தில் பிறந்தவர்தான். உள்ளே இருக்கும் வலி தெரிந்துதான் அவர் பேசினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதே குலத்தில் வளர்ந்து, ஊர் ஊராகப் போய் அந்த வழக்கத்தை எதிர்த்துப் பேசினார். 1936இல் தாசிகள் மோசவலை என்று நாவலும் எழுதினார். இந்தப் பேச்செல்லாம் மலாயாவுக்கும் வந்தது. பெரியார் 1929 கடைசியில் இங்கு வந்தபோது சுயமரியாதைக் கருத்துகளைத் தோட்டத்து மக்களும் கேட்டார்கள்.

நாகரத்தினம்மாள் எதிர்ப்பக்கத்தில் நின்றார். தேவதாசிகள் சங்கம் சேர்த்து அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். எங்களை வேசிகளோடு சேர்த்துப் பேசாதீர்கள், எங்கள் தொழில் கலை, குறை இருந்தால் படிப்பும் சங்கீதமும் சொல்லிக்கொடுத்துத் திருத்துங்கள், சட்டம் போட்டு எங்கள் சொத்தையும் பெயரையும் பறிக்காதீர்கள் என்பது அவர்கள் வாதம்.

யார் பக்கம் நியாயம்? ஐந்து வயதுக் குழந்தைக்குப் பொட்டுக்கட்டுவதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. நாகரத்தினம்மாளுக்கே அந்த வயதில்தான் கட்டினார்கள். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரைப் போல் படித்து முன்னுக்கு வந்தவர் ஒருவர் என்றால், கிராமத்துக் கோயில்களில் சீரழிந்த பெண்கள் எத்தனையோ பேர். ஆகவே 1947இல் சட்டம் வந்தது நல்லதே. முத்துலட்சுமியின் பக்கமே என் ஓட்டு.

ஆனால் நாகரத்தினம்மாள் பயந்ததும் பொய்யாகவில்லை. வழக்கம் போனது, கூடவே அந்தப் பெண்களின் கையிலிருந்த ஆட்டமும் பாட்டும் வேறு கைகளுக்குப் போய்விட்டன. சதிர் பரதநாட்டியம் ஆனது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் கௌரவமாகக் கற்றுக்கொண்டார்கள். அதை நூற்றாண்டுகளாகக் காப்பாற்றிய குடும்பங்கள் தங்கள் பாட்டியின் பெயரைச் சொல்லவே கூசும்படி ஆனது. முத்துப்பழனியின் முன்னுரையை அச்சில் வெட்டினார்களே, அதுபோலத்தான் இதுவும்.

பெயர் இல்லாமல் பாடியவர்கள்

எங்கள் பாட்டி பீடோர் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். கையெழுத்துப் போடத் தெரியாது. லயத்தில் சாவு விழுந்தால் முதலில் ஆள் அனுப்புவது பாட்டியைத் தேடித்தான். செத்தவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் கங்காணி கூட்டி வந்தார், எத்தனை பிள்ளை, எந்த நிரையில் மரம் வெட்டினார், பெண்டாட்டியை அடித்தாரா வைத்துக் காப்பாற்றினாரா எல்லாம் ஒப்பாரியில் வரிசையாக வந்துவிடும். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நின்ற இடத்தில் கட்டுவார். அம்மன் திருவிழாவில் கும்மிப்பாட்டும் அப்படித்தான். கிராணியைக் கூட நாசூக்காகக் குத்திப் பாடியிருக்கிறார் என்று அம்மா சொல்வார்.

அதே பாட்டி கோயில் மேடை ஏறி ஒருநாளும் பாடியதில்லை. மேடையில் பாட வெளியூரிலிருந்து ஓதுவாரோ பாகவதரோ வருவார். பாட்டி கீழே பாயில் உட்கார்ந்து கேட்பார். அவர் கட்டிய பாட்டில் ஒன்றுகூட இன்று எங்களிடம் இல்லை. பாட்டு என்று நாங்களே அதை எண்ணவில்லையே, பிறகு யார் எழுதி வைப்பது? அம்மனை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அம்மன் சந்நிதிதான் அவருக்கு வாய் திறக்க இடம் கொடுத்தது. மேடை போட்டவர்கள்தான் கொடுக்கவில்லை. முத்துப்பழனிக்கு நூறு ஆண்டு கடந்து ஒரு நாகரத்தினம்மாள் கிடைத்தார். தோட்டத்துப் பாட்டிகள் எல்லாருக்கும் அப்படிக் கிடைக்கவில்லை. இன்னும் உயிரோடு இருக்கும் பாட்டிகள் சிலர் தாப்பா, சுங்கை, பீடோர் வட்டாரத்தில் இருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்வதற்குப் பணம் செலவாகாது.

கடைசி நாட்கள்

நாகரத்தினம்மாள் தம் கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார். பட்டும் வைரமும் போட்டு மேடையேறியவர், எளிய உடையில் சமாதிக்குத் தொண்டு செய்யும் கிழவியாக இருந்தார். தியாகசேவாசக்தை என்று அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். இருந்த சொத்தையெல்லாம் தியாகராசர் சமாதிக்கே உயில் எழுதி வைத்தார். சும்மா எழுதி வைக்கவில்லை. அங்கே பெண்கள், தேவதாசிகள் உட்பட, பாடவும் வழிபடவும் தடையிருக்கக் கூடாது என்று நிபந்தனை சேர்த்து எழுதினார். சமரசம் பேசியவர்கள் நாளைக்கு மாறலாம், பத்திரம் மாறாது என்று தெரிந்தவர்.

1952 மே 19ஆம் தேதி காலமானார். வயது 73. தியாகராசர் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் சமாதி எழுப்பினார்கள்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம் ஏறி, தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் நம்மில் நிறைய பேர். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர்தான். சமாதி காவிரிக்கரையில் இருக்கிறது. தியாகராசர் சந்நிதியைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், எதிரே தியாகராசரைப் பார்த்தபடி கைகூப்பி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் சிலை இருக்கும். அவர்தான்.